சேற்றில் புதைந்த டிராக்டரைப் பத்திரமாக மீட்கும் முறை

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழை வலுக்கும்போது, நம் கொங்கு நாட்டு வயல்களில் டிராக்டர் சேற்றில் சிக்கிக் கொள்வது சகஜம். பல்லடம், உடுமலை வட்டாரக் கரிசல் காடுகளிலும், கொடிவேரி அணைக்கட்டிலிருந்து நீர் பெறும் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்களின் நெல் வயல்களிலும், சத்தியமங்கலம் பகுதியில் கரும்பு பாரம் ஏற்றி வரும் மண் பாதைகளிலும் இது நேருகிறது. வண்டி சேற்றில் நிற்பதால் பெரும்பாலும் ஆபத்தில்லை. அதை அவசர அவசரமாக வெளியே எடுக்க முற்படும்போதுதான் உயிருக்கு ஆபத்து வருகிறது.

காளைக்கும் டிராக்டருக்கும் உள்ள வேறுபாடு

காங்கயம் காளைகள் பூட்டிய பார வண்டி பள்ளத்தில் இறங்கினால், காளைகள் தம்மால் முடிந்தவரை இழுத்துவிட்டு நின்றுவிடும். டிராக்டர் அப்படி நிற்பதில்லை. என்ஜினின் சக்தி கியர்கள் வழியாகப் பின் அச்சுக்கு வருகிறது. பின் சக்கரங்கள் சுழல முடியாதபடி சேற்றில் இறுகிவிட்டால், அந்தச் சக்தி டிராக்டரின் முன்பகுதியை மேலே தூக்குகிறது. முன் சக்கரங்கள் தரையை விட்டுக் கிளம்பிய பின் சுமார் முக்கால் விநாடியில் மீட்க முடியாத நிலை ஏற்படுகிறது. சுமார் ஒன்றரை விநாடியில் டிராக்டர் பின்புறமாகக் கவிழ்ந்து ஓட்டுநர் அடியில் சிக்கிக் கொள்வார். ஆபத்தை உணர்ந்து கிளட்சை மிதிப்பதற்குக்கூட நேரம் இருக்காது. ஆகவே அனுபவம் மிக்க ஓட்டுநராயிற்றே என்று நம்பி இருந்துவிடக் கூடாது.

முதலில் செய்ய வேண்டியவை

சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்ற ஆரம்பித்தவுடன் ஆக்சிலேட்டரைக் குறைத்து நிறுத்திவிட வேண்டும். கரிசல் மண்ணிலுள்ள களி, நீரை உறிஞ்சி உப்பி, டயரின் பட்டைகளுக்கு இடையே அப்பிக் கொள்ளும். அதன்பின் டயருக்குப் பிடிமானம் இராது. ஒவ்வொரு சுற்றும் குழியை ஆழப்படுத்தவே செய்யும்.

அடுத்து, பாரத்தைக் குறைக்க வேண்டும். டிரெய்லர் இருந்தால் அதன் சக்கரங்களுக்குக் கல் முட்டுக் கொடுத்த பின்னரே கழற்ற வேண்டும். டிராக்டரில் இணைத்த கலப்பையையும் இயன்றால் கழற்றிவிடலாம்.

மூன்றாவதாக, என்ஜினை நிறுத்திவிட்டு மண்வெட்டியால் வேலையைத் தொடங்க வேண்டும். பின் சக்கரங்களுக்குப் பின்னால் உள்ள சேற்றைச் சரிவாக வெட்டி எடுத்து, அடியில் வயிறு தட்டி நிற்கும் மண்ணையும் நீக்க வேண்டும். வெட்டிய சரிவில் பலகை, செங்கல் துண்டு, விறகுக் கட்டை, தென்னை மட்டை ஆகியவற்றை நெருக்கமாகப் பரப்பலாம். வாழை மட்டை வழுக்கும். அதைத் தவிர்க்க வேண்டும்.

பிறகு முன் சக்கரங்களை நேராக வைத்து, தாழ்ந்த ரிவர்ஸ் கியரில், மெதுவாகப் பின்னோக்கி எடுக்க வேண்டும். இதில் இரண்டு நன்மைகள் உண்டு. வந்த தடம் ஏற்கனவே மிதிபட்டு ஓரளவு இறுகியிருக்கும். மேலும், பின்னோக்கி ஓட்டும்போது என்ஜினின் சக்தி முன்பகுதியைத் தூக்காமல் கீழ்நோக்கி அழுத்தும். ஒரு சக்கரம் மட்டும் சுற்றினால், வண்டியை நிறுத்திய பின் டிஃபரன்ஷியல் லாக்கைப் போட்டுக் கொள்ளலாம். கெட்டித் தரைக்கு வந்ததும், திருப்புவதற்கு முன் அதை எடுத்துவிட வேண்டும். பரப்பிய கட்டைகளும் கற்களும் தெறிக்கக்கூடும் என்பதால் சக்கரத்தின் முன்னும் பின்னும் யாரும் நிற்கலாகாது.

ஒருபோதும் செய்யக் கூடாதவை

1. பின் சக்கரத்தோடு சேர்த்து மரக்கட்டையையோ கடப்பாரையையோ கட்டி ஓட்டக் கூடாது. சக்கரத்தின் அடியில் கட்டையைப் போடுவது வேறு. சக்கரத்தோடு கட்டுவது வேறு. கட்டிய கட்டை சேற்றில் ஊன்றிக்கொண்டு சக்கரத்தைச் சுழல விடாமல் பூட்டிவிடும். டிராக்டர் கவிழ்வதற்கு இதைவிட எளிய வழி இல்லை.

2. இழுக்கும் டிராக்டரில் சங்கிலியைப் பின் அச்சிலோ, மேல் இணைப்புத் தண்டு மாட்டும் இடத்திலோ, இருக்கையின் அடியிலோ கட்டக் கூடாது. அச்சின் மட்டத்துக்கு மேலே கட்டினால், இழுவிசை டிராக்டரைப் பின்னோக்கிச் சாய்க்கும். அச்சுக்குக் கீழே அமைந்துள்ள டிராபாரில் மட்டுமே மாட்ட வேண்டும்.

3. முன்பகுதி தூக்காமல் இருக்க ஆட்களை பானட்டின் மேல் உட்கார வைக்கக் கூடாது. மட்கார்டிலும் யாரும் உட்காரக் கூடாது.

மற்றொரு டிராக்டரைக் கொண்டு இழுத்தல்

சேற்றில் புதைந்த வண்டிகளை மீட்பதில் ராணுவத்தினர் ஒரு கணக்கு வைத்துள்ளனர். சக்கரத்தின் குடம் வரை புதைந்த வண்டியை இழுக்க அதன் எடைக்குச் சமமான விசை தேவை. மட்கார்டு வரை புதைந்தால் எடையைப் போல் இரு மடங்கு விசை தேவை. இரண்டு டன் எடையுள்ள டிராக்டர் குடம் வரை புதைந்திருந்தால் இரண்டு டன் இழுப்பு வேண்டும். அதே அளவுள்ள மற்றொரு டிராக்டரால் ஈர நிலத்தில் இந்த இழுப்பைத் தர இயலாது. எனவே வேறு டிராக்டர் வந்த போதிலும் மண்ணை வெட்டி எடுக்கும் வேலையைக் கைவிடக் கூடாது. வெட்ட வெட்டத் தேவையான இழுப்பு குறையும்.

இழுக்கும் டிராக்டர் கெட்டியான தரையில் நிற்க வேண்டும். அதற்கேற்ப நீளமான கம்பி வடமோ சங்கிலியோ வேண்டும். புதைந்த டிராக்டரில் டிராபாரிலோ, முன்புறச் சட்டத்திலுள்ள இழுவைக் கொக்கியிலோ மாட்டலாம். முன் அச்சிலும் ஸ்டியரிங் தண்டிலும் மாட்டக் கூடாது. தளர்வை மெதுவாக எடுத்து, வடம் விறைத்த பின், தாழ்ந்த கியரில் ஒரே சீராக இழுக்க வேண்டும். வெட்டி வெட்டி இழுத்தால் வடம் அறும்.

ஜே.சி.பி. இயந்திரம் வந்தால், அதன் வாளிப் பல்லில் சங்கிலியை மாட்டக் கூடாது, வழுகித் தெறிக்கும். இழுப்பதற்கென அமைந்த கொக்கியில் மாட்ட வேண்டும்.

வடத்தில் உள்ள ஆபத்து

விறைத்த வடம் அறுந்தால் சாட்டைபோல் திரும்பி அடிக்கும். நைலான் கயிறு இழுபட்டு நீள்வதால் அறும்போது இன்னும் வேகமாகத் திரும்பும். முனையில் கட்டிய இரும்புக் கொக்கி குண்டுபோல் பாயும். கிணற்று மோட்டார் இறக்கும் பழைய கயிற்றை இதற்குப் பயன்படுத்தக் கூடாது. பாதுகாப்பான பாரம் எவ்வளவு என்று குறிப்பிட்டு விற்கும் வடத்தையே வாங்க வேண்டும். அந்த அளவு டிராக்டர் எடையைப் போல் இரு மடங்காவது இருப்பது நல்லது. இழை அறுந்த வடத்தையும், கண்ணி விரிந்த சங்கிலியையும் ஒதுக்கிவிட வேண்டும். சாதாரண போல்ட்டைப் போட்டு இணைக்காமல், திருகு ஊசி உள்ள ஷேக்கிளால் இணைக்க வேண்டும்.

இழுக்கும்போது வடத்தின் நடுவில் ஈரச் சாக்கு இரண்டைப் போட்டு வைத்தால், அறுந்தாலும் வேகம் தணியும். வேடிக்கை பார்ப்பவர்கள், குறிப்பாகக் குழந்தைகள், வட நீளத்தைப் போல் ஒன்றரை மடங்கு தூரத்துக்கு அப்பால், பக்கவாட்டில் நிற்க வேண்டும். விறைத்த வடத்தை யாரும் தாண்டக் கூடாது. சைகை காட்டுபவர் ஒருவர் மட்டுமே இருக்க வேண்டும்.

கவிழ்வதிலிருந்து காக்கும் சட்டகம்

டிராக்டர் கவிழ்ந்தாலும் ஓட்டுநர் நசுங்காமல் காக்கும் இரும்புச் சட்டகத்தைப் புதிய டிராக்டர்களுக்கு சுவீடன் நாடு 1959ஆம் ஆண்டிலேயே கட்டாயமாக்கியது. பின்னர் அங்கு டிராக்டர் கவிழ்ந்து இறப்போர் எண்ணிக்கை பெரிதும் குறைந்தது. புது டிராக்டர் வாங்குவோர் இச்சட்டகம் உள்ளதா என்று கேட்டு வாங்க வேண்டும். சட்டகம் உள்ள டிராக்டரில் சீட் பெல்ட்டையும் கட்டாயம் அணிய வேண்டும்.

வருமுன் காத்தல்

மழைக்குப் பின் டிராக்டரை இறக்குமுன், நில உரிமையாளர் வயலில் நடந்து குதிகாலை ஊன்றிப் பார்க்க வேண்டும். குதிகால் ஆழமாக இறங்கினால் இரண்டொரு நாள் பொறுப்பது நல்லது. வாய்க்கால் கசிவு நீர் தேங்கும் இடங்களும், மூடிய பழைய பள்ளங்களும் உரிமையாளருக்குத்தான் தெரியும். அந்த இடங்களில் குச்சி நட்டு ஓட்டுநருக்குக் காட்டிவிட வேண்டும்.

சிறு விவசாயிகள் பெரும்பாலும் மணிக்கணக்கு வாடகைக்கே டிராக்டர் பிடிக்கிறார்கள். வண்டி புதைந்து நிற்கும்போது உரிமையாளருக்கு வாடகை ஓடுகிறதே என்ற கவலை. ஓட்டுநருக்கு அடுத்த தோட்டத்துக்குப் போக வேண்டுமே என்ற கவலை. கட்டையைக் கட்டி ஓட்டும் யோசனை அப்போதுதான் பிறக்கிறது. அந்த நேரத்தில் "நிறுத்தப்பா, மண்ணை வெட்டிவிட்டு எடுப்போம்" என்று உரிமையாளரே முன்வந்து சொல்ல வேண்டும். மண் வெட்டும் நேரத்துக்கு வாடகையை எப்படிக் கணக்கிடுவது என்பதை வண்டியை இறக்குவதற்கு முன்பே பேசி முடித்துக் கொண்டால், இருவருக்கும் அவசரம் இராது. விபத்து நேர்ந்துவிட்டால் உடனே 108க்குத் தகவல் தர வேண்டும்.