அப்பத்தாவின் பிபி மாத்திரை உள்ளே போய் என்ன செய்யுது?

நம்ம காரியாபட்டி பக்கத்து கிராமங்கள்ல பிபி மாத்திரை இப்போ வீட்டு வாசலுக்கே வருது. 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கின ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தோட பலன் இது. ஆனா வந்த மாத்திரையை எல்லாரும் முழுங்குறதில்ல. “கால் வீங்குது, எனக்கு இது ஒத்துக்கல”ன்னு நிறுத்திட்ட ஒரு அப்பத்தாவை உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும்.

அதிகமா கொடுக்கப்படுற பிபி மாத்திரைகள்ல ஒண்ணு ஆம்லோடிபின். அது போய்ச் சேர்ற இடம் ரத்தக் குழாயோட சுவர். அந்தச் சுவருக்குள்ள மோதிரம் மாதிரி சுத்தி மென்தசை செல்கள் இருக்கு. செல்லோட மேல்தோல்ல சின்னச் சின்ன கால்சியம் வாசல்கள். வாசல் திறந்து கால்சியம் உள்ளே வந்தா, அது கால்மோடுலின்ங்கிற புரதத்தோட சேரும். அது ஒரு நொதியை எழுப்பிவிடும். அந்த நொதி மயோசினைத் தட்டிவிட, மயோசின் ஆக்டினைப் பிடிச்சு இழுக்கும். தசை இறுகும், குழாய் குறுகும். ஆம்லோடிபின் அந்த வாசலை அடைக்குது. கால்சியம் குறையுது, தசை தளருது, குழாய் விரியுது.

“அப்போ கை கால் தசையும் தளர்ந்து போகாதா?”ன்னு நீங்க கேட்கலாம். போகாது. கை கால் தசை தனக்கு வேண்டிய கால்சியத்தை செல்லுக்குள்ளேயே சேமிச்சு வச்சிருக்கு, வெளிய இருந்து வர்றதை நம்பி இல்ல.

குழாய் எவ்வளவு விரியணும்? ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ்ல படிச்ச புவாஸே சமன்பாடு ஞாபகம் இருக்கா? தடை, ஆரத்தோட நாலாம் அடுக்குக்கு எதிர் விகிதம். ஆரம் 10% கூடினா 1.1-ன் நாலாம் அடுக்கு 1.46. தடை சுமார் 32% குறைஞ்சிடும்! (ரத்தம் தண்ணி மாதிரி ஓடாது, குழாயும் இரும்பு பைப் இல்ல. அதனால இது தோராயக் கணக்குதான்.) இன்டர்னல் மார்க்குக்காகப் படிச்ச ஃபார்முலா இங்க வேலை செய்யுது பாருங்க.

கால் வீக்கமும் இதே கணக்குலதான் வருது. மாத்திரை தமனிப் பக்கத்துச் சின்னக் குழாய்களை நல்லா விரிக்குது, சிரைப் பக்கத்தை அந்த அளவுக்கு விரிக்கிறதில்ல. நடுவுல இருக்கிற நுண்குழாய்ல அழுத்தம் கூடி, நீர் வெளிய கசிஞ்சு கணுக்கால்ல தேங்குது. இதுக்கு நீர் பிரியுற மாத்திரை பெருசா உதவாது. டாக்டர் டோஸைக் குறைப்பார், இல்லன்னா லோசார்டன் மாதிரி ஒண்ணைச் சேர்ப்பார். லோசார்டன் வேற வழி. தசையை இறுக்கச் சொல்லி வர்ற ஆஞ்சியோடென்சின்ங்கிற ஹார்மோனை செல்லோட வாசல்லயே மறிச்சிடும். அது சிரைப் பக்கத்தையும் கொஞ்சம் தளர்த்துறதால வீக்கம் குறைய வாய்ப்பிருக்கு. ஆனா கால் வீக்கத்துக்கு இதயம், கிட்னி கூட காரணமா இருக்கலாம். அதனால டாக்டர்கிட்ட காட்டித்தான் ஆகணும்.

ஆம்லோடிபின் ரத்தத்துல பாதியா குறையவே 30 முதல் 50 மணி நேரம் ஆகும். அதனால நிறுத்தின மறுநாள் அப்பத்தாவுக்கு ஒண்ணும் தெரியாது. “பாத்தியா, மாத்திரை இல்லாமலே நல்லாத்தான் இருக்கேன்”னு சொல்லுவாங்க. சில நாள்ல வாசல் எல்லாம் மறுபடி திறந்து, பிபி பழைய இடத்துக்கே ஏறிடும். அப்பவும் அவங்களுக்கு எதுவும் தெரியாமலே இருக்கலாம்.