காரின் பெயரைச் சொல்லிக் கேட்காதே



தம்பி, நீ அனுப்பிய பட்டியலைப் பார்த்தேன். ஒவ்வொரு சாமானுக்கும் முன்னால் "ஸ்டாண்டர்டு ஹெரால்டு" என்று எழுதி அடிக்கோடு வேறு போட்டிருக்கிறாய். அந்தத் தாளோடு சென்னை புதுப்பேட்டையின் கார் சாமான் மார்க்கெட்டுக்குப் போனால் இரண்டு பதில்தான் கிடைக்கும். "அதெல்லாம் எப்பவோ போச்சுப்பா" என்பது ஒன்று. "ஒரே ஒரு பீஸ் இருக்கு" என்று உன் முகத்தைப் பார்த்து விலை சொல்வது இன்னொன்று.

வண்டலூர்ப் பக்கம் அந்தக் காரைக் கட்டிய கம்பெனி எண்பதுகளின் கடைசியோடு ஓய்ந்தது வாஸ்தவம்தான். ஆனால் எந்தக் கம்பெனியும் ஒரு காருக்கான எல்லாவற்றையும் தானே செய்துகொள்வதில்லை. பேரிங் ஒருவருடையது, டிஸ்ட்ரிபியூட்டர் ஒருவருடையது, பிரேக் இன்னொருவருடையது. ஹெரால்டு இங்கே வந்த 1961-ல்தான் சென்னை பாடியில் மின்சாமான் செய்யும் லூகாஸ் டிவிஎஸ் தொடங்கியது. மறு வருஷம் பிரேக்ஸ் இந்தியா. ஆகவே காரைத் தேடாதே. அந்தச் சாமானைச் செய்தவனையும் அதன் அளவையும் தேடு.

எப்படி என்கிறாயா? கழற்றிய பேரிங்கை மண்ணெண்ணெயில் கழுவி, விளிம்பை வெயிலில் சாய்த்துப் பார். 6204 என்று பொறித்திருந்தால் உள்விட்டம் 20 மில்லி, வெளிவிட்டம் 47, அகலம் 14. உலகத்தில் எவன் செய்தாலும் அதே அளவுதான். கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்கு, உள்விட்டம் வரும். 04-லிருந்து மேலே இந்தக் கணக்கு பிசகாது. அந்த எண்ணை மட்டும் சொல்லிக் கேட்டால் எந்தக் கடையிலும் பத்து நிமிஷத்தில் எடுத்துத் தருவார்கள். ஆயில் சீலும் அப்படித்தான்: உள், வெளி, தடிமன் என்று மூன்று எண் போதும். ஆனால் முன்சக்கரத்து டேப்பர் பேரிங் அங்குல அளவு. அதற்குக் கிட்டத்தட்ட பொருந்துகிற மில்லிமீட்டர் பேரிங்கைத் தள்ளிவிடப் பார்ப்பார்கள், வாங்காதே. வெர்னியர் இல்லாமல் மார்க்கெட்டுக்குள் போகவே போகாதே. பழைய சாமானையும் கையோடு கொண்டு போ. புதுசு மாட்டி வண்டி ஓடும்வரை எதையும் காயலான் கடைக்குப் போடாதே.

இன்ஜினில் ஒரு கண்ணி இருக்கிறது. இங்கிலாந்தில் நம் காரின் மூலமான ட்ரையம்ஃப் ஹெரால்டுக்கு இன்றும் சாமான் செய்கிறார்கள் என்றதும் நீ குதித்திருப்பாய். அங்கே 1961-லேயே 1147 சி.சி.க்குப் போய்விட்டார்கள், பிறகு 1296. நம் வண்டியில் கடைசிவரை 948-தான், 1954-ல் ஸ்டாண்டர்டு டென் காரோடு வந்த அதே இன்ஜின். அதன் போர், அதாவது சிலிண்டரின் உள்விட்டம், 63 மில்லி; 1147-க்கு 69.3. பிஸ்டன் தப்பாக வந்து இறங்கினால் திருப்பி அனுப்பும் செலவும் சுங்க வரியும் உன் தலையில். ரீபோர் செய்யும் பட்டறையில் அளந்து சொன்ன பிறகு ஆர்டர் போடு.

அடுத்தது ட்ரனியன். உன் பட்டியலில் ஒரு வரிதான், ஆனால் உன் உயிர் அதில்தான் தொங்குகிறது. முன்சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துக் கம்பியின் அடிமரை இந்த வெண்கலத் துண்டுக்குள்தான் திரும்புகிறது. இடப்பக்கத்துக்கு இடது மரை, வலப்பக்கத்துக்கு வலது மரை. கடைக்காரர் "ரெண்டும் ஒண்ணுதான்" என்பார். மரையைக் கண்ணால் பார்க்காமல் பணம் கொடுக்காதே. இதற்கு கிரீஸ் அடிக்கும் பழக்கம் நம் பட்டறைகளில் இருக்கிறது. வேண்டியது கிரீஸ் அல்ல, இ.பி. 90 கியர் ஆயில். ஆயில் இல்லாமல் காய்ந்தால் உள்ளே தண்ணீர் இறங்கித் துரு பிடிக்கும். ஒருநாள் திருப்பத்தில் கம்பி முறிந்து சக்கரம் மடங்கிவிடும். லேத்தில் பித்தளையைக் கடைந்து தருகிறேன் என்று யாராவது சொன்னால் கும்பிட்டுவிட்டு வந்துவிடு. பிராக்கெட், பீடிங் கிளிப், கதவுக் கைப்பிடி எல்லாம் உள்ளூரில் தாராளமாகச் செய்துகொள். பிரேக், ஸ்டியரிங், சஸ்பென்ஷன் மூன்றிலும் வேண்டாம். நல்லவேளை, இதே முன்பக்க அமைப்பைத்தான் 1980 வரை தயாரான ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயருக்கும் போட்டார்கள். அந்தக் காருக்கு ஆள் அதிகம், அதனால் சாமான் கிடைக்கிறது. இடையில் சில மாற்றங்கள் உண்டு, அளந்துகொள்.

ஹெரால்டுக்குப் பின் அதே கம்பெனி கட்டிய கெஸல் காரை உடைத்து விற்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். முன்பக்கத்துக்கு ஆசைப்படு, பின் அச்சை விட்டுவிடு. ஹெரால்டில் பின்சக்கரம் தனித்தனியாக ஆடும். நம் ரோட்டுக்கும் மெக்கானிக்குகளுக்கும் அது சரிப்படாததால் 1972-ல் கெஸல் வந்தபோது ஒரே அச்சாக மாற்றிவிட்டார்கள்.

ரப்பர் எதுவானாலும் புதுசாக வாங்கு. வீல் சிலிண்டர் கப், பிரேக் ஹோஸ் எல்லாம் "அந்தக் காலத்து ஒரிஜினல், பிரிக்காத பெட்டி" என்று நீட்டுவார்கள். பெட்டி அழகாகத்தான் இருக்கும். உள்ளே ரப்பர் ஐம்பது வருஷமாகக் காய்ந்துகொண்டிருக்கிறது.

இன்னொன்று. ஐம்பது வயது தாண்டிய சொந்த உபயோக வண்டிகளை வின்டேஜ் என்று பதிவுசெய்ய 2021-ல் விதி வந்தது. இன்ஜின், சேஸிஸ், பாடி ஆகியவற்றில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. ஆகவே பிளாக்கை மாற்ற அவசரப்படாதே; ஆர்.சி.யில் உள்ள இன்ஜின் எண்ணை முதலில் உன் பிளாக்கில் தேடிப் பார். விரிசல் விட்டிருந்தாலும் அதைத் தைத்துச் சரிசெய்ய முடியுமா என்று கோயம்புத்தூர்ப் பக்கம் விசாரிக்கிறேன். அதுவரை நீ புதுப்பேட்டையில் பார்த்து வைத்த மாற்று பிளாக்குக்கு அட்வான்ஸ் கொடுக்காதே. யார் வண்டியில் இருந்து வந்தது, காகிதம் இருக்கிறதா என்று மட்டும் கேட்டு எழுது.