ஜெர்மானிய வாக்கியத்தில் வினையின் இடம்

இராயபுரத்தினின்று கல்லூரிக்கு வரும் யாம் மூவர் சென்ற ஆண்டு ஜெர்மானிய மொழியைப் பயிலத் தொடங்கினோம். எம்முள் ஒருவரின் தமக்கையார் செவிலியர். ஜெர்மனியில் பணியேற்க விழைபவர். அதற்கு அவர் மொழித் தேர்வில் தேறியாதல் வேண்டும். அவருக்குத் துணையாகவே யாமும் ஏடெடுத்தோம். 1914 செப்டம்பர் 22ஆம் நாளிரவு சென்னைத் துறைமுகத்தருகே எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டெரித்த எம்டன் கப்பலின் பெயரன்றி, அந்நாட்டுச் சொல் வேறொன்றும் யாம் அதுகாறும் அறியோம். அப்பெயரும் எம் பாட்டிமார் வாயில் வசைமொழியாய் மாறிவிட்டது!

எம்மை முதலில் இடறியது வினைமுற்று. ‘இஹ் கேஹெ ஹொய்டெ ட்சும் ஹாஃபென்’ என்பதற்கு ‘நான் இன்று துறைமுகத்திற்குச் செல்கிறேன்’ என்பது பொருள். ‘இஹ்’ நான், ‘கேஹெ’ செல்கிறேன், ‘ஹொய்டெ’ இன்று. இன்று என்பதனை முதலில் வைத்தாலோ, ‘ஹொய்டெ கேஹெ இஹ் ட்சும் ஹாஃபென்’ என்றாகும். எழுவாய் பின்னே செல்லும். வினை தன் இரண்டாமிடத்தை விட்டு அசையாது. யாமோ ஆங்கிலப் பழக்கத்தால் ‘ஹொய்டெ இஹ் கேஹெ’ என்றெழுதிப் பன்முறை சிவப்புக் கோடு பெற்றோம். இரண்டாமிடம் எனின் இரண்டாம் சொல் என்று கொள்ளற்க. ‘ஹொய்டெ மோர்கென்’, அஃதாவது இன்று காலை, இரு சொல்லாயினும் வாக்கியத்தில் ஓருறுப்பே. அதனை அடுத்தே வினை வரும்.

துணைவினை சேரின் வினை இரண்டாகப் பிளவுபடும். ‘இஹ் ஹாபெ ஹொய்டெ ஐன் ஷிஃப் கெசேஹென்’: நான் இன்று ஒரு கப்பலைக் கண்டிருக்கிறேன். துணைவினையாகிய ‘ஹாபெ’ இரண்டாமிடத்தில் நிற்க, ‘கெசேஹென்’ ஈற்றிற்குச் சென்றுவிடும். முன்னே எஞ்சினும் பின்னே கார்டு பெட்டியுமாக எம் தெருவருகே ஊரும் துறைமுகச் சரக்கு வண்டியை இது ஒக்கும்.

இனி, யாம் வியந்த பகுதி. காரணங் கூறும் ‘வைல்’ என்னும் சொல்லால் தொடங்கும் சார்பு வாக்கியத்தில் வினை முழுவதும் இறுதியில் அமையும்: ‘வைல் இஹ் ஹொய்டெ ஐன் ஷிஃப் கெசேஹென் ஹாபெ’. இதனைத் தமிழாக்குமின்: ‘நான் இன்று ஒரு கப்பலைக் கண்டிருப்பதால்’. கெசேஹென் ‘கண்டு’; ஹாபெ ‘இரு’. வரிசை சிறிதும் பிறழவில்லை! நம் ‘ஆல்’ உருபு கடைசியில் நிற்க, அவர்தம் ‘வைல்’ முதலில் நிற்பதொன்றே வேற்றுமை. ஆங்கிலத்தின் வழியே இதனை மனனஞ் செய்து திங்கள் இரண்டை வீணாக்கினோமே என்று வருந்தினோம். வேப்பேரியில் வாழ்ந்து 1779இல் தமிழ் அகராதி அச்சிட்ட ஃபாப்ரிசியுஸ் ஜெர்மானியரே. அவர் நம் மொழிக்கு நடந்த வழியில் யாம் எதிர்த்திசையிற் செல்கின்றோம்.

ஆயினும் தமிழ் எல்லாவிடத்தும் கைகொடாது. தலைமை வாக்கியத்தில் அது நம்மைக் கடைசிக்கே இழுக்கும். தமக்கையார் இன்னும் தேர்வு எழுதவில்லை. ‘ஹொய்டெ’ என்று தொடங்கியதும் ஒரு கணம் நின்று, விரலை மடக்கி, வினையைத் தேடி வைக்கிறார்.