எண் தெரியணும், தோள் அசையணும்

பெரியகுளம்

அன்பு மருமகளுக்கு,

கல்லூரிக் கூடைப்பந்து அணிக்குப் புது ஜெர்சி தைக்கும் பொறுப்பை அணித் தலைவியான உன்னிடமே விட்டுவிட்டார்கள் என்று எழுதியிருந்தாய். கூடவே மூன்று மாதிரிகளையும் போனில் அனுப்பியிருந்தாய். ஒன்றில் கொடைக்கானல் ஏரி, இன்னொன்றில் தூண் பாறை, மூன்றாவதில் மலை முழுக்க மூடுபனி. மூன்றிலும் பணம் தருகிற கடையின் பெயர் பெரிதாகவும் ஆட்டக்காரியின் எண் சிறிதாகவும் இருக்கின்றன. எது நன்றாக இருக்கிறது என்று கேட்கிறாய். இந்த உடை எந்தெந்தக் காரணத்தால் மாறி மாறி இன்றைய வடிவத்துக்கு வந்தது என்று தெரிந்துகொண்டால் பதில் உனக்கே கிடைத்துவிடும். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். பயிற்சி முடிந்து விடுதிக்குத் திரும்பிய பிறகு நிதானமாகப் படி.

1891 டிசம்பரில், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், ஸ்பிரிங்ஃபீல்டு ஊரின் ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில்தான் இந்த ஆட்டம் பிறந்தது. வெளியே கடுங்குளிர். மாணவர்களைக் கூடத்துக்குள்ளேயே ஓடவைக்க ஒரு விளையாட்டு வேண்டியிருந்தது. ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர் பீச் பழக்கூடைகள் இரண்டை மாடிக் கைப்பிடியில் மாட்டி, பக்கத்துக்கு ஒன்பது பேரை நிறுத்தினார். ஆட்டத்துக்கென்று தனி உடை எதுவும் அப்போது கிடையாது. உடற்பயிற்சிக்கு உடுத்துகிற நீளக் கால்சட்டையும் கம்பளிச் சட்டையும்தான். அதே ஸ்பிரிங்ஃபீல்டில் படித்த ஹாரி குரோ பக், 1920-இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். இன்று நந்தனத்தில் இருக்கிற அந்தக் கல்லூரியில் பயின்ற ஆசிரியர்கள் தமிழ்நாட்டு மைதானங்களுக்கு இந்த ஆட்டத்தைக் கொண்டுபோனார்கள். 1934-இல் டெல்லியில் முதல் தேசியப் போட்டி நடந்தது. 1950-இல் இந்தியக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு உருவானது. ஆட்டம் வந்தது, கம்பளி வரவில்லை. நம் வெயிலில் வந்தாலும் நின்றிருக்காது.

ஆண்களின் உடை சுருங்கியதில் பெரிய சண்டை இல்லை. ஓடுகிறவனுக்குத் துணி தடையாக இருந்தது, குறைத்துக்கொண்டான், அவ்வளவுதான். பெண்களின் கதை வேறு. 1896 ஏப்ரலில் ஸ்டான்ஃபோர்டு, கலிஃபோர்னியா பல்கலைக்கழகங்களின் பெண்கள் அணிகள் சான் பிரான்சிஸ்கோவில் மோதின. பார்க்க வந்த சுமார் 700 பேரும் பெண்கள். ஆண்களுக்கு அனுமதி இல்லை. அந்த மாணவிகள் அணிந்திருந்தது புளூமர்ஸ் என்கிற, முழங்காலுக்குக் கீழே இறுக்கிக் கட்டிய தொளதொள கால்சட்டை. இன்றைய கண்ணுக்கு அது முழுக்க மூடிய உடை. ஆனாலும் அன்று அதற்குள் இரண்டு கால்கள் தனித்தனியாக அசைகின்றன என்பதே பெரியவர்களைக் கலங்கவைக்கப் போதுமானதாக இருந்தது. ஆட்டம் 2-1 என்ற கணக்கில் முடிந்து ஸ்டான்ஃபோர்டு வென்றது.

நாங்கள் கல்லூரியில் ஆடிய காலமும் அதிலிருந்து ரொம்பத் தூரம் போய்விடவில்லை, தாயி. மைதானம் வரைக்கும் தாவணியில் போவோம். ஒரு வகுப்பறைக் கதவைச் சாத்திக்கொண்டு உடை மாற்றுவோம். காலர் வைத்த அரைக்கைப் பருத்திச் சட்டையும், பாவாடை மாதிரித் தெரியும்படி மடிப்பு வைத்துத் தைத்த டிவைடட் ஸ்கர்ட்டும்தான் எங்கள் யூனிஃபார்ம். லே-அப் அடிக்கக் கையைத் தூக்கினால் சட்டை இடுப்பிலிருந்து வெளியே வந்துவிடும். அதை இழுத்துவிட்டுக்கொண்டே ஓடுவோம். பந்துக்குப் போக வேண்டிய கை சட்டைக்குப் போய்க்கொண்டிருந்தது. எங்களில் எத்தனையோ பேருக்கு நல்ல குறி இருந்தது, நல்ல வேகம் இருந்தது. அந்த உடையில் பாதி ஆட்டம்தான் வெளியே வந்தது என்று இன்றைக்கும் நினைக்கிறேன். சென்னையின் அனிதா பால்துரை இந்திய அணிக்குத் தலைமை தாங்கி, 2021-இல் பத்மஸ்ரீ விருதுக்கு அறிவிக்கப்பட்டபோது நாளிதழில் வந்த படத்தை வெட்டி வைத்தேன். கையில்லாத தளர்ந்த ஜெர்சியும் முழங்கால் வரை ஷார்ட்ஸும் போட்டு, இரண்டு கையும் பந்திலேயே இருக்க ஆடிய தலைமுறை அது.

இதனால், குறைவான துணிதான் முன்னேற்றம் என்று முடிவு கட்டிவிடாதே. 2014-இல் சீனாவின் வூஹானில் நடந்த ஆசியக் கோப்பையில் இந்திய வீரர்கள் அம்ரித்பால் சிங், அம்ஜோத் சிங் இருவரையும் தலைப்பாகையைக் கழற்றினால்தான் ஆடலாம் என்று நடுவர்கள் சொன்னார்கள். தலையை மறைக்கும் எதையும் அணியக் கூடாது என்பது அன்றைய சர்வதேச விதி. அதே ஆண்டு தென்கொரியாவின் இஞ்சியானில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில், ஹிஜாபைக் கழற்ற மறுத்த கத்தார் பெண்கள் அணி மங்கோலியாவுடனான ஆட்டத்தையே விட்டுக்கொடுத்தது. ஆடத் தெரிந்தவர்கள், ஆட வந்தவர்கள், துணியின் பொருட்டு வெளியே நின்றார்கள். பல நாடுகளிலிருந்தும் எதிர்ப்பு எழுந்தது. அமெரிக்கக் கல்லூரி ஆட்டங்களில் ஹிஜாபுடன் ஆடிய பில்கிஸ் அப்துல் காதிர் போன்றவர்கள் விடாமல் குரல் கொடுத்தார்கள். கடைசியில் சர்வதேசக் கூட்டமைப்பான ஃபீபா விதியை மாற்றியது. 2017 அக்டோபர் முதல் தேதியிலிருந்து தலையை மறைக்கும் துணிக்கு அனுமதி உண்டு. கறுப்பு, வெள்ளை அல்லது ஜெர்சியின் நிறத்தில் இருக்க வேண்டும், முகத்தை மறைக்கக் கூடாது, மற்றவர்களைக் காயப்படுத்தும் ஊக்கு, கொக்கி இருக்கக் கூடாது. இவைதான் நிபந்தனைகள். உன் அணியில் முக்காட்டோடு ஆடுகிற தோழி ஒருத்தி உண்டு என்று சொல்லியிருக்கிறாயே, அவளுக்கான தலைத்துணியையும் அதே துணியில், அதே நிறத்தில், அதே ஆர்டரில் சேர்த்துத் தைக்கக் கொடு. அவள் தனியாகக் கடை தேடி அலையக் கூடாது.

நீளம் பற்றி ஒரு வார்த்தை. 1980-களின் படங்களைப் பார்த்தால் எல்லாரும் தொடை தெரியும் குட்டை ஷார்ட்ஸில் ஆடுவார்கள். மைக்கேல் ஜோர்டான், வட கரோலினா பல்கலைக்கழகத்தில் அணிந்த ஷார்ட்ஸைச் சிகாகோ அணி ஷார்ட்ஸுக்கு உள்ளே போட்டுக்கொள்வாராம். அது வெளியே தெரியாமலிருக்க நீளமாகத் தைக்கச் சொன்னார். 1991-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த ஐந்து முதலாண்டு மாணவர்கள் முழங்காலைத் தொடும் தொளதொள ஷார்ட்ஸும் கறுப்பு சாக்ஸுமாகக் களமிறங்கி, 1992, 1993 இரண்டு ஆண்டுகளும் இறுதிப் போட்டி வரை போனார்கள். கொஞ்ச காலத்தில் உலகம் முழுக்கப் பையன்கள் அப்படித்தான் ஆடினார்கள். இதோடு இன்னொன்றையும் வைத்துப் பார். 2013-இல் ஒரு பெரிய நிறுவனம் அமெரிக்கத் தொழில்முறைப் போட்டியான என்.பி.ஏ.வின் அணிகளுக்குக் கைவைத்த இறுக்கமான ஜெர்சியைக் கொண்டுவந்தது. வீரர்கள் தோள் பிடிக்கிறது என்று முணுமுணுத்தார்கள். 2015-இல் லெப்ரான் ஜேம்ஸ் ஆட்டத்தின் நடுவிலேயே இரண்டு கையையும் கிழித்துவிட்டார். சில ஆண்டுகளில் அந்தச் சட்டை காணாமலே போனது. ஆடுகிறவர்கள் கேட்டு வந்தது நின்றது, விற்கிறவர்கள் நினைத்து வந்தது நிற்கவில்லை. உன் அணியில் யாருக்கு எந்த நீளம் வசதி என்று முதலில் கேள். விதிப்படி ஷார்ட்ஸ் முழங்காலுக்கு மேலே முடிய வேண்டும், சட்டையை உள்ளே செருக வேண்டும். அதற்குள் அவரவர் வசதிக்கு நிறையவே இடம் இருக்கிறது.

இனி எண்ணுக்கு வருகிறேன். அந்த மூன்று மாதிரிகளிலும் எனக்குப் பிடிக்காதது இதுதான். நான் ஆடிய காலத்தில் 4 முதல் 15 வரைதான் எண்கள். ஒன்று, இரண்டு, மூன்று விரலை நடுவர் புள்ளிகளுக்கும் மற்ற சைகைகளுக்கும் காட்டுவார், குழப்பம் வரக் கூடாது என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். அமெரிக்கக் கல்லூரி ஆட்டங்களில் வேறு கணக்கு. 2023 வரைக்கும் 0 முதல் 5 வரையிலான இலக்கங்களால் ஆன எண்கள் மட்டுமே. ஒரு கையில் ஐந்து விரல், மேசையில் இருப்பவருக்கு நடுவர் இரண்டு கையால் காட்டிவிடலாம். ஃபீபா 2014-இல் 0, 00, 1 முதல் 99 வரை திறந்துவிட்டது. 15-க்கு மேற்பட்ட எண்ணுக்கு நடுவர் புறங்கையைக் காட்டிப் பத்தாம் இலக்கத்தையும், உள்ளங்கையைக் காட்டி ஒன்றாம் இலக்கத்தையும் சொல்கிறார். எண் என்பது நடுவரும் ஸ்கோர் எழுதுகிறவரும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ள வைத்த அடையாளம். அதனால்தான் எண் ஒரே நிறத்தில், சட்டையின் நிறத்துக்கு எதிராகத் தெரிய வேண்டும், கோடு 2 செ.மீ.க்குக் குறையக் கூடாது, முதுகில் இருப்பது குறைந்தது 20 செ.மீ., மார்பில் இருப்பது குறைந்தது 10 செ.மீ. உயரம் வேண்டும் என்றெல்லாம் விதி வைத்திருக்கிறார்கள். ஏரித் தண்ணீர்மேல் வெளிர்நீல எண்ணை மிதக்கவிட்டால் யார் படிப்பது?

இங்கே பெரியகுளத்தில் மே மாதம் சில்வர் ஜூபிலி ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்தும் அகில இந்தியப் போட்டிக்கு உன்னை ஒருமுறை கூட்டிப்போக வேண்டும். பி.டி. சிதம்பர சூரியநாராயணன் நினைவுச் சுழற்கோப்பைக்காக ராணுவம், வங்கி, ரயில்வே, போலீஸ் அணிகள் எல்லாம் வருகிற போட்டி. இரவு விளக்கொளியில், கேலரியின் கடைசிப் படியில் உட்கார்ந்து பார்த்தாலே எந்த அணியின் எண் தெரிகிறது, எது தெரியவில்லை என்று பளிச்சென்று விளங்கும். போட்டி அட்டவணையில் முதலில் பெயர் உள்ள அணி வெளிர் நிறம், முடிந்தால் வெள்ளை, இரண்டாவது அணி அடர் நிறம் என்பது வழக்கம். ஆகவே உனக்கு இரண்டு செட் வேண்டும். காசு போதவில்லை என்றால் இரண்டு பக்கமும் போட்டுக்கொள்ளும்படி தைத்த ஜெர்சி பயிற்சிக்கு உதவும். போட்டிக்கு அது கனம் கூடிப்போகும்.

துணி விஷயத்தில் உங்கள் கொடைக்கானலுக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. சுமார் 2,100 மீட்டர் உயரத்தில், பனிக்குள் பயிற்சி. போட்டி என்றால் கீழே இறங்கித் திண்டுக்கல்லிலோ மதுரையிலோ வெயிலில் ஆட வேண்டும். பருத்தி இயல்பாகவே தன் எடையில் 8.5 சதவீதம் ஈரத்தை வாங்கி வைத்துக்கொள்ளும், பாலியெஸ்டர் 0.4 சதவீதம்தான். கீழே வியர்த்துக் கொட்டும்போது பருத்தி உடம்போடு ஒட்டிக் கனக்கும். மேலே துவைத்துப் போட்டால் இரண்டு நாளானாலும் காயாது. ஜெர்சிக்கு மெல்லிய, துளையுள்ள பாலியெஸ்டர்தான் சரி. ஆனால் மேலே பயிற்சி முடிந்தவுடன் அதே ஈரத்தோடு குளிரில் நிற்கக் கூடாது. அதனால் டிராக் சூட்டை ஆடம்பரம் என்று நினைத்துப் பட்டியலிலிருந்து நீக்கிவிடாதே.

தைக்கத் திருப்பூருக்குத்தான் போவீர்கள். போய் சப்ளிமேஷன் அச்சை நேரில் பார்த்துவிட்டு வா. படத்தை முதலில் காகிதத்தில் அச்சடித்து, சுமார் 200 டிகிரி சூட்டில் துணிமேல் அழுத்துகிறார்கள். சாயம் ஆவியாகிப் பாலியெஸ்டர் இழைக்குள்ளேயே போய்ப் படிந்துவிடுகிறது. எங்கள் காலத்து ஸ்கிரீன் பிரிண்ட் எண் மாதிரி நாலு துவைப்பில் வெடித்து உரியாது. பருத்தியில் இது பிடிக்காது. தொட்டியில் முக்கிச் சாயமேற்றுவதைவிட இதற்குத் தண்ணீர் மிகக் குறைவு. இது எனக்கு முக்கியம். திருப்பூர்ச் சாயக் கழிவால் நொய்யல் ஆறு பட்ட பாட்டுக்காக, 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. நம் சட்டையின் நிறத்துக்கு ஓர் ஆறு விலை கொடுத்திருக்கிறது. என்ன முறையில் அச்சடிக்கிறீர்கள், கழிவுநீரை என்ன செய்கிறீர்கள் என்று கூச்சப்படாமல் கேள்.

முதுகில் அவரவர் பெயர் போட வேண்டும் என்று பிள்ளைகள் ஆசைப்படுவதாக எழுதியிருந்தாய். ஆசை நியாயம்தான். ஆனாலும் வேண்டாம் என்பேன். இண்டியானா பல்கலைக்கழக அணி எத்தனையோ நட்சத்திரங்களை உருவாக்கியும் ஜெர்சியில் ஆட்டக்காரர் பெயரைப் போடுவதில்லை. உங்களுக்கு அதைவிட நேரடியான காரணம் இருக்கிறது. கல்லூரி ஆண்டுதோறும் புதுசு வாங்கித் தராது. நீங்கள் படிப்பை முடித்துப் போன பிறகு இதே சட்டையைத்தான் ஜூனியர்கள் போடப்போகிறார்கள். அடுத்தவள் பெயரை முதுகில் சுமந்து அவள் ஆட வேண்டாம். கடைக்காரர் பெயரை எண்ணுக்குக் கீழே சிறிதாக வைக்கச் சம்மதம் வாங்கு. மலைப் படம் விட மனசில்லை என்றால் ஷார்ட்ஸின் ஓரப் பட்டையில் வரட்டும், எண்ணுக்குப் பின்னால் வேண்டாம்.

அளவெடுக்கும்போது யாரையும் விறைப்பாக நிற்கவைத்து எடுக்காதீர்கள். இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கவைத்து, அக்குளிலும் இடுப்பிலும் சட்டை எங்கே இழுக்கிறது என்று பார்த்து எடுங்கள். எல்லாருடைய ஜெர்சியையும் ஒரே மூச்சில் தைக்கச் சொல்லிவிடாதே. முதலில் ஒன்று மட்டும் வரட்டும். அணியில் எல்லாரையும்விடப் பருமனான பிள்ளை அதைப் போட்டு ஒரு முழு ஆட்டம் ஆடட்டும். அவளுக்கு எங்கே பிடிக்கிறது என்று கேட்டு எழுதி வைத்து, அதன்படி திருத்தச் சொன்ன பிறகு மீதிக்கு முன்பணம் கொடு.

அன்புடன்,
உன் அத்தை