உயிருக்கு இட்ட விலை

காற்று மாசைக் குறைக்க 'தெளிந்த வானம்' என்னும் திட்டத்தை அமெரிக்க அரசு 2002 ஆம் ஆண்டு முன்வைத்தது. அதனால் காக்கப்படும் உயிர்களைப் பணத்தால் மதிப்பிட்ட சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, தன் மாற்றுக் கணக்கொன்றில் எழுபது வயதுக்குட்பட்டவர்க்குத் தலைக்கு 37 இலட்சம் டாலர் எனவும், அதற்கு மேற்பட்டவர்க்கு 23 இலட்சம் டாலர் எனவும் குறித்தது. (நாம் இரண்டாம் வரிசையினர்!) முதியோர் கடுமையாக எதிர்க்கவே, 2003 இல் அம்முறை கைவிடப்பட்டது.

இத்தொகைகள் எங்ஙனம் பிறந்தன? சாவின் இடர் சிறிது குறைய எவ்வளவு பணம் தருவீர் என மக்களிடம் கேட்டுப் பெற்ற விடைகளிலிருந்தே. அவ்விடையில் புலப்படுவது கேட்கப்பட்டவரின் அச்சமும் கைப்பொருளின் அளவுமேயன்றி உயிரின் மதிப்பன்று. ஜினாகமம் உயிர்களை ஓரறிவு முதல் ஐயறிவு ஈறாக வகுத்ததுண்டு. மனிதரை வயதால் வகுத்து, முதியவரைக் கொல்லுதல் சிறிய இம்சை என யாண்டும் கூறிற்றில்லை.

ஆயினும் கணக்கே தகாது என்போமல்லோம். பொதுப்பணம் அளவுடையது, எண்ணிப் பாராது நெஞ்சை மட்டும் நம்பினால், படத்தில் காணும் ஒரு குழந்தைக்கு வாரி வழங்கி, காணாத ஆயிரவரை மறப்போம். எண்ணிக்கை ஏற ஏற இரக்கம் மரத்துப்போவதை அமெரிக்க உளவியலறிஞர் பால் சுலோவிக் ஆய்ந்து காட்டியுள்ளார்.