சோதனையில் தனித்து நிற்கும் பெற்றோரும் மஹல்லாவின் கடமையும்

மதீனாவில் அறிவில் சற்றுக் குறைபாடுடைய ஒரு பெண்மணி இருந்தார். அவர் ஒரு நாள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்து, தங்களிடம் தமக்கு ஒரு காரியம் இருப்பதாகக் கூறினார். பெருமானார் (ஸல்) அவர்கள் அவரை விரட்டவில்லை, வேறொருவரிடம் அனுப்பவுமில்லை. 'இன்னாரின் தாயே' என மரியாதையுடன் விளித்து, அவர் விரும்பும் தெருவிலேயே உடன் நின்று, அவருடைய காரியம் முடியும் வரை கேட்டார்கள். ஹஜ்ரத் அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது.

இதில் நமக்கு மூன்று பாடங்கள் உள்ளன. ஒன்று, மரியாதை. இரண்டு, மறைக்காமை, பேச்சு நடந்தது தெருவில். மூன்று, பொறுமை; காரியம் முடியும் வரை நின்றார்கள்.

இன்று நம் மஹல்லாக்களில் நடப்பதென்ன? மனவளர்ச்சி குன்றிய பிள்ளை பிறந்த வீட்டில், அந்தத் தாய் வலீமாவுக்கும் போவதில்லை, பெருநாளைக்கும் வெளியே வருவதில்லை. "எந்தப் பாவத்தின் கூலியோ" என்று உறவினரே பேசுகின்றனர். இது மார்க்கம் அறியாதோர் பேச்சு. ஒருவர் சுமையை மற்றவர் சுமக்கமாட்டார் என்பது திருக்குர்ஆனின் தெளிவான சட்டம். புத்தி தெளிவற்றவரை விட்டு எழுதுகோலே உயர்த்தப்பட்டிருக்க, நாம் எதைக் கொண்டு அவர்களைப் பழிப்பது? மருத்துவமும் இதையே கூறுகிறது. டவுன் நோய்க்குறி என்பது உயிரணுவில் 21ஆவது குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருப்பதால் வருவது. 1959இல் இது கண்டறியப்பட்டது. தாய் செய்த குற்றம் அதில் ஏதுமில்லை.

கூடுவதன் பலன்

1946இல் இங்கிலாந்தில் ஜூடி ஃபிரைட் என்ற தாய், இத்தகைய பெற்றோரை ஒன்று சேர அழைத்து ஒரு பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். அதிலிருந்து வளர்ந்ததே மென்கேப் என்னும் பெரும் சங்கம். நம் நாட்டிலும் 1995இல் பெற்றோர் சங்கங்களின் கூட்டமைப்பாக 'பரிவார்' தோன்றியது. நன்மையிலும் தக்வாவிலும் ஒருவருக்கொருவர் உதவுங்கள் என்று ஸூரத்துல் மாயிதா நம்மை ஏவியிருக்க, நாம் பின்தங்கலாமா?

பெரிய கட்டடம் வேண்டியதில்லை. மாதம் ஒரு முறை மதரஸாக் கூடத்தில் ஐந்து குடும்பங்கள் கூடினால் போதும். பெண்களுக்குத் தனி அமர்வு வைக்கலாம். வாப்பாமாரும் தவறாமல் வரவேண்டும், இந்தச் சுமை உம்மாவுக்கு மட்டும் உரியதன்று. பிள்ளைக்கு ஆடை உடுத்தப் பழக்கியது எப்படி, பேச்சுப் பயிற்சி எங்கே கிடைக்கிறது, அரசின் அடையாள அட்டைக்கு எப்படி மனுச் செய்வது என்பதை அனுபவப்பட்டவர் சொல்லட்டும். ஒரு குடும்பம் ஜனாஸாவுக்குப் போகும்போது மற்றொரு குடும்பம் அந்தப் பிள்ளையைப் பார்த்துக் கொள்ளட்டும். ஆனால் வலிப்பு மருந்தை நிறுத்துவது போன்ற யோசனைகளை அங்கே எவரும் கூறலாகாது; அது மருத்துவர் வேலை.

சபையில் கேட்டது அமானிதம். ஒரு வீட்டின் கண்ணீரைத் திண்ணைப் பேச்சாக்குவது புறம் என்ற பெரும்பாவமாகும்.

நமக்குப் பின் யார்?

பெற்றோரின் உறக்கத்தைக் கெடுக்கும் கேள்வி இதுவே. விவரமற்றவர் கையில் பொருளை ஒப்படைக்காமல், அதிலிருந்து அவர்களுக்கு உணவும் உடையும் அளித்து, நல்ல சொல் சொல்லுமாறு ஸூரத்துன் நிஸாவின் 5ஆவது ஆயத் கட்டளையிடுகிறது. ஆகவே பொறுப்பாளரை நியமிப்பது மார்க்கக் கடமை. நாட்டுச் சட்டத்திலும் வழியுண்டு. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, ஆட்டிசம், மூளை முடக்குவாதம், மனவளர்ச்சிக் குறைவு, பலவகை ஊனம் உடையோருக்கு, மாவட்ட அளவிலான குழு மூலம் சட்டப்பூர்வ பாதுகாவலரை நியமிக்கலாம். பெற்றோர் சங்கமும் அச்சட்டத்தின் கீழ்ப் பதிவு பெறலாம். தனி மனிதர் மறைந்துவிடுவார், சங்கம் நிலைக்கும்.

முத்தவல்லிமார்களே! இமாம்களே! இந்தக் குடும்பங்கள் தாமே வந்து கேட்கமாட்டார்கள். கூச்சம் அவர்களைத் தடுக்கும். நீங்கள் சென்று அவர்கள் கதவைத் தட்டுங்கள். அந்தப் பிள்ளையைப் பெயர் சொல்லி அழைத்து ஸலாம் கூறுங்கள். பள்ளிவாசலில் அவன் சத்தமிட்டால் முகம் சுளிக்காதீர்கள்.

பலவீனர்களைக் கொண்டே நமக்கு ரிஸ்கும் உதவியும் கிடைக்கின்றன என்பது நபிமொழியின் கருத்து. அதை உணர்ந்து நடக்க வல்ல நாயன் நம் அனைவருக்கும் தவ்பீக் செய்வானாக! ஆமீன்.