நிய்யத்தைக் கண்டவர் யார்?

அமல்கள் நிய்யத்தைப் பொறுத்தவை எனும் கருத்துடைய நபிமொழி ஸஹீஹுல் புகாரியின் தொடக்கத்திலேயே இடம்பெற்றிருக்கிறது. மக்தபில் ஓதும் சிறு பிள்ளைகளுக்கும் அது மனப்பாடம். ஆனால் வீட்டில் ஒரு பீங்கான் கோப்பை உடைந்தால் அந்த ஹதீஸா நம் நினைவுக்கு வருகிறது? கோப்பையின் விலைதான் முதலில் வருகிறது. வேண்டுமென்று உடைத்தானா, கைதவறி விழுந்ததா என்ற விசாரணை பிறகுதான், பல வீடுகளில் அதுவும் இல்லை.

ஸ்விட்சர்லாந்து நாட்டு மனோதத்துவ அறிஞர் ழான் பியாஜே, 1932இல் வெளியிட்ட நூலில் கோப்பைகளை வைத்தே இதை ஆராய்ந்திருக்கிறார். ஒரு சிறுவன் சாப்பிடக் கூப்பிட்டதும் கதவைத் திறந்துகொண்டு வருகிறான். கதவுக்குப் பின்னால் தட்டில் 15 கோப்பைகள் இருப்பது அவனுக்குத் தெரியாது. கதவு பட்டு அத்தனையும் உடைந்து விடுகின்றன. மற்றொரு சிறுவன், தாய் வெளியே போன நேரம் பார்த்து அலமாரியிலிருந்து ஜாம் எடுக்க ஏறுகிறான். ஒரே ஒரு கோப்பை உடைகிறது. இருவரில் யார் அதிகம் தவறு செய்தவன் என்று குழந்தைகளைக் கேட்டார். சிறு குழந்தைகளில் பலர் 15 கோப்பைகளை உடைத்தவனையே சுட்டினார்கள். சற்று வளர்ந்த பிள்ளைகளோ ஜாமுக்காக ஏறியவனைச் சொன்னார்கள்.

வயது ஏறினால் இப்பழக்கம் முற்றாகப் போய்விடும் என்று எண்ண வேண்டாம். பெரியவர்களிடம் அது வேறு வேடத்தில் வருகிறது. ஜோஷுவா நோப் என்ற அமெரிக்கத் தத்துவ ஆய்வாளர், மன்ஹாட்டன் பூங்கா ஒன்றில் 78 பேரிடம் ஒரு கதை சொல்லிக் கேட்டதை 2003இல் வெளியிட்டார். கம்பெனித் தலைவர் ஒருவரிடம், புதிய திட்டத்தால் லாபம் வரும், சுற்றுச்சூழல் கெடும் என்கிறார்கள். "சுற்றுச்சூழலைப் பற்றி எனக்குக் கவலையில்லை, லாபம் வந்தால் போதும்" என்கிறார் அவர். கெடுதல் நடந்து விடுகிறது. 82 சதவீதத்தினர், அவர் வேண்டுமென்றே கெடுத்தார் என்றார்கள். மற்றவர்களுக்கு அதே கதையில் 'கெடும்' என்பதை 'நன்மை அடையும்' என்று மாற்றிச் சொன்னபோது, வேண்டுமென்றே நன்மை செய்தார் என்றவர்கள் 23 சதவீதம்தான். தலைவரின் அலட்சியம் இரண்டிலும் ஒன்றே. விளைவு கசந்தபோது மட்டும் மக்கள் அவர் உள்ளத்தில் எண்ணத்தைக் கண்டார்கள். (இதற்கு மன்ஹாட்டன் வரை போக வேண்டியதில்லை. மருமகள் வைத்த ஆணத்தில் உப்புக் கூடினால் "வேணும்னே போட்டாள்", ருசித்தால் "எப்படியோ அமைஞ்சு போச்சு.")

நம் ஃபுகஹாக்கள் இங்கே இரண்டு கேள்விகளைப் பிரித்து வைத்தார்கள். பாவம் உண்டா என்பது ஒன்று. நஷ்டத்துக்கு யார் பொறுப்பு என்பது மற்றொன்று. உறங்குபவன் மீது குற்றம் எழுதப்படுவதில்லை. ஆனாலும் தூக்கத்தில் புரண்டு பிறர் பொருளை உடைத்தால் அதன் ஈட்டை அவன் கொடுத்தாக வேண்டும். இதுவே 'ளமான்'. ஸூரத்துன் நிஸாவின் 92ஆம் வசனம் தவறுதலாக நிகழ்ந்த கொலைக்கும் தியத்தும் கஃப்பாராவும் விதிக்கிறது; வேண்டுமென்று செய்த கொலையைப் பற்றிய நரக எச்சரிக்கையோ அடுத்த வசனத்தில் தனியாக வருகிறது.

ஜமாஅத்துக்கு வரும் வழக்குகளில் இவ்விரண்டும் எப்படிக் குழம்புகின்றன என்று பாருங்கள்! "என் நிய்யத் சுத்தமானது, ஆகவே பணம் தர மாட்டேன்" என்கிறார் ஒருவர். "எனக்கு நஷ்டம் வந்தது, ஆகவே அவர் மோசக்காரர்" என்கிறார் மற்றவர். முன்னவர் கொடுக்கத்தான் வேண்டும். பின்னவர் பணத்தை வாங்கிக்கொள்ளலாம். மோசக்காரர் என்று சொல்ல அவருக்குத் தனி ஆதாரம் வேண்டும்.

ஹிஜ்ரீ 7ஆம் ஆண்டளவில் ஜுஹைனா கோத்திரத்தாரை நோக்கிச் சென்ற படையில் உஸாமா (ரலி) அவர்களும் இருந்தார்கள். எதிரி ஒருவனை மடக்கியபோது அவன் கலிமாவை மொழிந்தான். உடனிருந்த அன்ஸாரித் தோழர் கையை நிறுத்திக்கொண்டார். உஸாமா (ரலி) ஈட்டியால் குத்திவிட்டார்கள். ஆயுதத்துக்கு அஞ்சித்தான் அவன் சொன்னான் என்று பின்னர் கூறியபோது, அவனுடைய இதயத்தைப் பிளந்து பார்த்தீரா என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் கேட்டார்கள். கலிமா சொன்னவனையா கொன்றீர் என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அன்றைக்குத்தான் தாம் இஸ்லாத்தில் சேர்ந்திருக்கக் கூடாதா என்று உஸாமா (ரலி) ஏங்கும் அளவுக்குக் கேட்டார்கள்.